பாட்டு எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஒரு பேண்டுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

மற்றவர்களின் பாடல்களை வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு பேண்ட், ஒருநாள் சொந்தப் பாட்டு போடலாம் என்று முடிவு செய்கிறது. அன்றைக்குப் பேசுவதெல்லாம் எத்தனை பாட்டு, எந்த மாதிரிப் பாட்டு, எப்போது ரெக்கார்டிங் என்பதுதான். அந்தப் பாட்டு எப்படி உருவாகப்போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதலில் யார் எதைக் கொண்டுவருகிறாரோ, அவருடைய வழியே குழுவின் வழியாகிவிடுகிறது.

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை மூன்று குழுக்களில் இருந்திருக்கிறேன். மூன்றிலும் பாட்டு எழுதிய முறை வேறு வேறு. முதல் குழு கலைந்தபோது எங்கள் இசை நன்றாகத்தான் இருந்தது. ஒரு பாட்டின் உரிமையைப் பதிவு செய்யும் படிவத்தில் 'இசை' என்ற கட்டத்துக்குள் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் உடைந்தோம். அந்தப் படிவத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால் இன்னும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருப்போம் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பேச்சை இப்போது பேச வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஒருவரே முழுப்பாட்டோடு வரும் வழி. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து மெட்டு, வரி, கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவார். மற்றவர்கள் அதை வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள். வேகத்தில் இதை வேறெதுவும் மிஞ்சாது. அமெரிக்காவின் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969ஆம் ஆண்டில் மட்டும் மூன்று ஆல்பங்களை வெளியிட்டது. குழுவின் சொந்தப் பாடல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதியவர் ஜான் ஃபோகர்ட்டி. பாடியவரும் அவரே. நான்கு பேர் ஒவ்வொரு வரியையும் விவாதித்துக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் மூன்று ஆல்பம் வந்திருக்காது. ஒரே மனதிலிருந்து வருவதால் பாடல்களுக்கு ஒரு முகமும் இருக்கும். நான்கு நொடி கேட்டாலே இன்னார் பாட்டு என்று தெரிந்துவிடும்.

இதன் விலையையும் அதே குழுவில் பார்க்கலாம். மற்றவர்களுக்கும் பாட்டில் இடம் வேண்டும் என்ற கேள்வி உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. ஜானின் அண்ணன் டாம் 1971இல் விலகினார். 1972இல் வந்த கடைசி ஆல்பத்தில் மிச்சமிருந்த மூவரும் பங்கு பிரித்துக்கொண்டு எழுதினார்கள், தாங்கள் எழுதியதைத் தாங்களே பாடினார்கள். விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைக் கடுமையாகச் சாடினார்கள். அதே ஆண்டில் குழு கலைந்தது. ஆளுக்கொரு பங்கு கொடுத்ததுதான் தவறு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு பாட்டைக்கூடத் தொடங்கி முடித்துப் பழகாதவர்களிடம் திடீரென்று மூன்றில் ஒரு பங்கு ஆல்பத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பாட்டு எழுதுவதும் ஒரு வாத்தியம் மாதிரிதான், கை பழக வேண்டும். ஒருவரே எழுதும் குழுவில் மற்றவர்களின் கை பழகுவதேயில்லை.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஒன்று சொல்வேன். எழுதுபவர் குரலும் ஒரு கிட்டாரும் (அல்லது ஒரு கீபோர்டும்) மட்டும் உள்ள டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, கொண்டுவரட்டும். டிரம்ஸ், பேஸ் எல்லாம் கணினியில் போட்டு முடித்த டெமோவைக் கொண்டுவந்தால், என்னைப் போன்ற ஆள் அங்கே செய்வது நகல் எடுக்கும் வேலை. என் இரண்டாவது குழுவில் அப்படித்தான் நடந்தது. எழுதியவர் மிகத் திறமையானவர், டெமோவே பிரமாதமாக இருக்கும். ஆனால் அதைவிட ஒரு படி மேலே எங்களால் வாசிக்க முடிந்ததே இல்லை. டெமோவைத் தொட்டுவிடுவதுதான் இலக்காக இருந்தது.

அப்புறம், எல்லாரும் ஒரே அறையில் வாசித்து வாசித்துப் பாட்டைக் கண்டுபிடிக்கும் வழி. ஜாம். பேண்ட் என்றாலே இப்படித்தான் பாட்டு பிறக்கும் என்று பலரும் கற்பனை செய்வது இதைத்தான். நடக்காதது இல்லை. யூ2 குழு 1990இல் பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில், எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் உடைந்துவிடும் நிலையில் இருந்தது. கிட்டாரிஸ்ட் தி எட்ஜ் ஒரு பாட்டின் நடுப்பகுதிக்காக இரண்டு கார்ட் வரிசைகளை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் டேனியல் லன்வா, இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள் என்றார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். 'ஒன்' என்ற பாடல் அப்படித்தான் வந்தது. அந்தப் பாட்டு வந்த பிறகுதான் குழுவுக்குத் தன் மீதே நம்பிக்கை திரும்பியது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஆள் லன்வா. அவர் அறையில் இருந்தார், ஆனால் அந்தக் கணத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாமில் எல்லாரும் வாசித்துக்கொண்டிருப்பார்கள், கேட்கும் ஆள் இருக்க மாட்டார். எங்கள் மூன்றாவது குழு முதல் எட்டு மாதம் ஜாம் மட்டுமே செய்தது. அதில் நான் கண்டவை சில. வேகம் எப்போதும் ஒரே மாதிரி நடுத்தரமாக வந்து நிற்கும், ஏனென்றால் யாருக்கும் சிரமமில்லாத வேகம் அதுதான். சுருதி பெரும்பாலும் ஈ அல்லது ஏ, ஏனென்றால் கிட்டாரில் திறந்த கம்பி அங்கே இருக்கிறது. பாடகரின் தொண்டைக்கு எது வசதி என்று ஜாமில் யாரும் கேட்பதில்லை. ஒரே நான்கு கார்ட் இருபது நிமிடம் சுற்றும். வாசிக்கும்போது சொர்க்கமாக இருக்கும், மறுநாள் ரெக்கார்டிங்கைக் கேட்டால் நாற்பது நொடிதான் தேறும். பாடகர் பாவம், எல்லா இடத்தையும் வாத்தியங்கள் நிரப்பிய பிறகு மிச்சமிருக்கும் சந்தில் மெட்டைத் தேட வேண்டும்.

ஜாம் சமத்துவமானது என்றும் சொல்வார்கள். பார்க்க அப்படி இருக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபையர் யாருடையது சத்தமோ அவருடைய யோசனைதான் நிற்கும். பதினைந்து நிமிடம் ஒரே ரிஃபை, திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டை, விடாமல் வாசிக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறதோ, அந்த ரிஃப்தான் பாட்டாகும்.

இருந்தாலும் ஜாமுக்கு ஒரு பெரிய பலன் உண்டு. டிரம்ஸ் தாளமும் பேஸும் பாட்டோடு சேர்ந்தே பிறக்கின்றன, பின்னால் ஒட்டவைத்த மாதிரி இருப்பதில்லை. உடல் ஆடத் தோன்றும் பாட்டுக்கு இது அவசியம். ஜாம் வழியில் போகும் குழு இரண்டு காரியங்களை விடாமல் செய்தால் போதும். ஒன்று, எல்லாவற்றையும் பதிவு செய்வது, ஒரு ஃபோன் போதும். இரண்டு, ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறைவைத்து முழுவதையும் கேட்டு, எந்த நிமிடத்தில் எது நன்றாக இருந்தது என்று எழுதிக் கொடுப்பது. ஜெர்மனியின் கேன் குழு நீண்ட நேரம் வாசித்துப் பதிவு செய்யும், பேஸ் வாசித்த ஹோல்கர் சூக்கை அந்த நாடாக்களை வெட்டி ஒட்டிப் பாடல்களாக்குவார். வெட்டும் அந்த உழைப்புக்கு ஆள் இல்லாத குழு ஜாமை மட்டும் நம்பக் கூடாது. மூன்று மணி நேரம் வாசித்தால் மூன்று மணி நேரம் கேட்கவும் வேண்டும். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டியே போடுவதில்லை.

இருவர் சேர்ந்து எழுதும் வழியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், லெனனும் மக்கார்ட்னியும் இருப்பதால். தனியாக எழுதியதானாலும் பீட்டில்ஸில் இருவர் பெயரும் போட்டுக்கொள்வது அவர்களின் ஒப்பந்தம். 1967இல் வந்த 'எ டே இன் தி லைஃப்' பாடலில் முதலும் முடிவும் லெனனுடையவை, நடுவில் வருவது மக்கார்ட்னியிடம் தனியாக இருந்த ஒரு துண்டு. ஒருவரிடம் பாதி, இன்னொருவரிடம் பாதி, இரண்டும் வேறு வேறு உலகம். இரண்டையும் இணைக்கும் இடத்தை முதலில் காலியாக விட்டு, பிறகு நாற்பது கலைஞர்கள் கொண்ட ஆர்கெஸ்ட்ராவால் நிரப்பினார்கள். இருவர் வழியின் அழகு இதுதான்: என் பாட்டில் இல்லாத குணம் உன்னிடம் இருக்கிறது. சிக்கல், அறையில் மூன்றாவது, நான்காவது ஆளும் இருப்பது. ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு ஆல்பத்தில் ஒன்றிரண்டு இடம்தான் கிடைத்துவந்தது. குழு பிரிந்த 1970ஆம் ஆண்டிலேயே அவர் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஒரு தனி ஆல்பத்தை வெளியிட்டார். அத்தனை பாட்டும் எங்கோ காத்துக்கொண்டிருந்தன. உங்கள் குழுவில் ஒரு ஜோடி உருவாகிவிட்டால் நல்லது, ஆனால் வாசல் கதவைத் திறந்தே வையுங்கள்.

ஃபைல் அனுப்பி எழுதும் வழி இன்று நிறைய நடக்கிறது. ஒருவர் தாளம் போட்டு அனுப்புவார், இன்னொருவர் அதன் மேல் கிட்டார் வைப்பார், வரி கடைசியில் வரும். இது புதிதல்ல. தி போஸ்டல் சர்வீஸ் என்ற இருவர் குழு 2003இல் வந்த தங்கள் ஆல்பத்துக்காக நாடாக்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டது, பெயரே அப்படி வந்ததுதான். வேறு வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. எனக்குத் தெரிந்த ஒரே குறை, வந்ததை யாரும் அழிப்பதில்லை. நண்பன் இரவெல்லாம் உட்கார்ந்து போட்டதை எப்படி எடுப்பது என்று தோன்றும், பாட்டு தடித்துக்கொண்டே போகும்.

சரி, யார் தொடங்குவது என்பதைவிட எனக்குப் பிடித்த கேள்விக்கு வருகிறேன். மெட்டு முதலா, வரி முதலா?

மெட்டு முதலில் வந்தால் வரியின் இடத்தில் தத்தகாரம் நிற்கும், 'தன்னானா தானானா' என்று. உலகம் முழுக்க இப்படித்தான். மக்கார்ட்னிக்குக் கனவில் வந்த 'யெஸ்டர்டே' மெட்டுக்கு முதலில் போட்டுவைத்த வரி முட்டைப் பொரியலைப் பற்றியது. அர்த்தமுள்ள வரி பிறகுதான் வந்தது. ஆர்.இ.எம். குழுவில் வாத்தியக்காரர்கள் இசையை முடித்துக் கொடுப்பார்கள், மைக்கேல் ஸ்டைப் அதன் மேல் வரி எழுதுவார். எதிர்த்திசையில் எல்டன் ஜான், பெர்னி டாபின் எழுதிக் கொடுத்த வரிகளை எடுத்துக்கொண்டு பியானோவில் உட்காருபவர். இரண்டு வழியிலும் பெரிய பாடல்கள் வந்திருக்கின்றன.

தமிழில் எழுதும் குழுவுக்கு இந்தத் தேர்வு இன்னும் கனமானது. நம் மொழியில் குறில், நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும். படு என்பதை மெட்டுக்காக இழுத்தால் பாடு ஆகிவிடும், கல் காலாகிவிடும், விடு வீடாகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு உயிரெழுத்தை நான்கு அட்சரம் இழுக்கலாம், சொல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அங்கே பழகிய காதோடு மெட்டைப் போட்டுவிட்டு, பிறகு தமிழ் வரியைத் திணித்தால் பாடகர் விழுங்கிப் பாடுவார், கேட்பவருக்கு வார்த்தை புரியாது. சொல்ல வேண்டிய சேதி முக்கியமான பாட்டு என்றால் வரியிலிருந்து தொடங்குவது நல்லது. வரியை வாய்விட்டு நான்கைந்து முறை படித்தாலே குறிலும் நெடிலும் தாளம் போட்டுக் காட்டிவிடும்.

ஹூக், அதாவது கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் துண்டு, முக்கியமான பாட்டு என்றால் மெட்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் தத்தகாரத்தை ஒழுங்காகப் போட வேண்டும். நீண்ட சுரத்துக்குத் 'தா', குறுகிய சுரத்துக்குத் 'த', அடைத்து நிற்கும் இடத்துக்குத் 'தன்' என்று. எங்கள் மூன்றாவது குழுவில் பாடகர் மெட்டை 'லாலா லாலா' என்றே பாடிப் பதிவு செய்வார். எல்லாமே நெடில். எழுதும் நண்பர் நெடில் நிறைந்த வரியாக எழுதிவருவார், பாடிப் பார்த்தால் பாதி இடத்தில் ஒட்டாது. தத்தகாரத்துக்கு மாறிய பிறகு அந்தச் சண்டை நின்றுபோனது.

இன்னொன்று, எங்களுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. பல்லவியின் உச்சியில், நீட்டிப் பிடிக்கும் சுரத்தில், காற்று, பாட்டு, நேற்று மாதிரி குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை வைக்காதீர்கள். அந்த உகரம் பேச்சிலேயே குறுகித் தேய்வது. அதைப் பிடித்து நீட்டினால் 'காற்றூ' என்று ஊளை மாதிரி வரும். உச்சியில் வா, போ, நீயே, அல்லது வானம் மாதிரி மெல்லின ஒற்றில் முடியும் சொல் வைத்தால் குரல் தானே திறக்கும். மெட்டு முதலா வரி முதலா என்பதில் சண்டை போடுவதைவிட, எது முதலில் வந்தாலும் இந்த ஒரு இடத்தை மெட்டுப் போடுபவரும் வரி எழுதுபவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்வது மேல்.

இனி அந்தப் படிவம். எப்படி எழுதுவது, யார் பெயர் போடுவது என்பவை இரண்டு தனித்தனி முடிவுகள். ஆனால் இரண்டாவது முதலாவதை வளைத்துவிடும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பின் உரிமை ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. படைப்பாளர் என்று பெயர் உள்ளவருக்கே முதல் வகைப் பணம் போகும், எவ்வளவு அருமையாக வாசித்திருந்தாலும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்குக் குயீன் குழு நல்ல உதாரணம். நால்வருமே எழுதுபவர்கள், எழுதியவர் பெயர்தான் போடுவார்கள். 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லரின் பாட்டு இருந்தது. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ராயல்டி. மறுபக்கத்தில் யார் பாட்டு என்பது வெறும் ரசனைக் கேள்வியாக எப்படி இருக்க முடியும்? 1989இல் வந்த ஆல்பத்திலிருந்து யார் எழுதியிருந்தாலும் பெயர் குயீன் என்று மாற்றிக்கொண்டார்கள். தி டோர்ஸ் குழு எதிர்த்திசையில் போனது. முதல் மூன்று ஆல்பங்களிலும் சொந்தப் பாடல்களுக்குக் குழுவின் பெயர்தான். அவர்களின் மிகப் பெரிய ஹிட்டைத் தொடங்கியவர் கிட்டாரிஸ்ட் ராபி க்ரீகர் என்பது தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. 1969இல் வந்த நான்காவது ஆல்பத்தில் தனித்தனிப் பெயர் வந்தது. க்ரீகர் எழுதிய ஒரு வரியைத் தான் எழுதியதாக மக்கள் நினைத்துவிடக் கூடாது என்று பாடகர் ஜிம் மாரிசன் விரும்பியதும் அதற்கு ஒரு காரணம். ஆக, பொதுப்பெயரில் பணச்சண்டை குறையும், ஆனால் எல்லார் வார்த்தைக்கும் எல்லாரும் பொறுப்பாக வேண்டியிருக்கும்.

பேசாமல் விட்டால் நீதிமன்றம் பேசும். ப்ரோகால் ஹாரம் குழுவின் 1967ஆம் ஆண்டு ஹிட் பாட்டில் ஆர்கன் இசையை அமைத்து வாசித்த மாத்யூ ஃபிஷர், 2005இல்தான் வழக்குப் போட்டார். 2009இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, இசையுரிமையில் 40 சதவீதம் அவருக்கு உண்டு என்ற தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதே நாட்டில் 1999இல் ஸ்பாண்டவ் பாலே குழுவின் மூன்று பேர், பாடல்களை எழுதிய கேரி கெம்ப் மீது தொடுத்த வழக்கில் தோற்றார்கள். ஒரு இடத்தில் ஒரு வாத்தியத்தின் மெட்டு பாட்டின் அங்கமானது. இன்னொரு இடத்தில் குழு சேர்த்தது வாசிப்பு மட்டுமே என்றாகிவிட்டது. இந்தக் கோடு எங்கே விழும் என்று நண்பர்கள் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, பாட்டு அறையை விட்டு வெளியே போகும் முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

புதுக் குழுவுக்கு என் பரிந்துரை, முதல் பத்துப் பாட்டுக்குச் சம பங்கு. பணம் பெரிதாக வரப்போவதில்லை என்பதால் சொல்லவில்லை. சம பங்கு இருந்தால் டிரம்மர் தானாகவே, 'இந்த இடத்தில் நான் வாசிக்காமல் இருக்கிறேன், பாட்டு நன்றாக இருக்கும்' என்பார். பங்கு வாசிப்பைப் பொறுத்தது என்றால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருவரே தொடர்ந்து பெரும்பாலான வேலையைச் செய்கிறார் என்று தெரிந்தால் பத்துப் பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

எழுதும் முறைக்கு வந்தால், என் தேர்வு நடுவில் இருக்கிறது. யாராவது ஒருவர் பாதிப் பாட்டைக் கொண்டுவருவது, அறை அதை முடிப்பது. பாதி என்றால் ஒரு ஹூக், ஒரு சரணத்தின் மெட்டு, ஃபோனில் பதிவு செய்த ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் கொண்டுவரக் கூடாது. வெறும் கையோடு வந்து ஜாமில் தேடுவதும் இல்லை, முடித்துக் கொண்டுவந்து நகல் எடுக்கச் சொல்வதும் இல்லை. கொண்டுவந்தவரே அந்தப் பாட்டுக்கு 'பொறுப்பாளி', கடைசி வார்த்தை அவருடையது. அடுத்த பாட்டுக்கு அடுத்தவர். இப்படிச் செய்தால் எல்லார் கையும் பழகுகிறது, ஆனால் எந்தப் பாட்டும் ஓட்டெடுப்பில் சாவதில்லை.

உங்கள் குழுவில் ஏற்கெனவே வருடத்துக்குப் பத்துப் பாட்டு எழுதி முடிக்கும் ஒருவர் இருந்தால் நான் சொன்னதை விடுங்கள், அவருக்கு வழிவிடுங்கள். அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. யாருமே எழுதியதில்லை என்றால் மூன்று மாதம் ஜாம் செய்யலாம், யாரிடமிருந்து துண்டுகள் வருகின்றன என்று அப்போது தெரியும்.

எங்கள் குழு இந்த முறைக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. நாலாவது பாட்டின் முறை டிரம்மருடையது. கிட்டார் தெரியாது, பாட வராது, இதுவரை ஒரு மெட்டும் கொண்டுவந்ததில்லை. ஃபோனை மேசையில் வைத்து விரலால் தட்டி, மேலே 'தனதன தானன தன்' என்று முணுமுணுத்த நாற்பது நொடிப் பதிவைக் கொண்டுவந்தார். பாடகர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். அந்த 'தன்' விழும் இடத்துக்குத்தான் இப்போது சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.